இயேசு தமிழர் அல்லர்; அதனால் என்ன?



இயேசு பெருமான் தமிழர் என்றும், அவர்தம் தாய்மொழி தமிழே என்றும், அவர் கருநிற மேனியர் என்றும் கூறும் நூலொன்று உளது. விநாயக தாமோதர் சாவர்க்கரின் தமையனாராகிய கணேசு தாமோதர் சாவர்க்கர் மராத்தி மொழியில் எழுதியது அது. 1946-இல் முதற்கண் வெளிவந்தது. எழுபது ஆண்டுகள் கழித்து, 2016-இல், மும்பையிலுள்ள சாவர்க்கர் நினைவகத்தார் அதனை மறுபடியும் வெளியிட முற்பட்டபோது செய்தித்தாள்கள் அதுபற்றிப் பெரிதாக எழுதின. அச்செய்தியைப் படிக்கும் தமிழன் ஒருவனின் நெஞ்சு ஒரு நொடியேனும் பூரிக்கும். உலகில் மிகப் பெருந்தொகையான மக்கள் வணங்கும் ஒருவர் நம் இனத்தவர் என்றால் யார்க்குத்தான் இனியாது?

ஆயினும், அந்தப் பெருமை நமக்கு வேண்டா என்பதே இவ்வாசிரியவுரையின் கருத்து. வேண்டா என்பதற்கு அஃது உண்மையன்று என்பது முதற் கரணியம். உண்மையல்லாத அப்பெருமையை ஏற்பதனால் தமிழர்க்கும் கேடு, தமிழருள் கிறித்தவராய் வாழ்வார்க்கும் கேடு என்பது இரண்டாவது. ஒரு சமயத்தை நிறுவியவர் எவ்வினத்தவர், எந்நிறத்தவர், எம்முகத்தவர் என்னும் கேள்வி அச்சமயத்தாரின் பற்றுக்கு அடிப்படையாகுமா, ஆகாதா என்பதை இவ்விடத்தில் பொறுமையாக எண்ணிப் பார்ப்போம்.

இதனை ஒரு தமிழிதழ் ஏன் எண்ண வேண்டும் என்று சிலர் கேட்கலாம். தமிழ்நாட்டில் பிறந்து, தமிழே பேசி, தமிழிலேயே தொழுது, தமிழ் மண்ணிலேயே புதையுண்டு போகும் ஒருவனைப் பார்த்து, ‘நீ வணங்குவது அயலானை, ஆகவே நீயும் அயலான்’ என்று சொல்லும் வாய்கள் இந்நாட்டில் பெருகி வருகின்றன. அவ்வாய்களுக்கு விடை கூறும் கடமை கிறித்தவர்க்கு மட்டும் உரியதன்று. தமிழர் அனைவர்க்கும் உரியது. விடை கூறுவதற்கு முன், நம் கையிலுள்ள விடை நேர்மையானதா என்று பார்த்துக் கொள்வதும் நம் கடமையே.

இயேசு யூதர். கலிலேய நாட்டு நாசரேத்தூரில் வளர்ந்தவர். அரமேய மொழி பேசியவர். யூதர்தம் தொழுகைக் கூடங்களில் யூதத் திருமறையைப் படித்து விளக்கியவர். யூதர்தம் பாசுகாத் திருநாளுக்கென எருசலேம் சென்றபோது, உரோம ஆளுநன் பொந்தியு பிலாத்துவின் ஆணையால் சிலுவையில் அறையப்பட்டவர். அவர்தம் கொலையைக் கிறித்தவரல்லாத உரோம வரலாற்றாசிரியர் தாசித்தசும் குறித்துள்ளார். இவற்றுள் எதனையும் மறுக்கத்தக்க சான்று எவரிடத்தும் இல்லை. மராத்தி நூல் மறுத்தது என்றால், சான்று கொண்டு மறுக்கவில்லை. விருப்பத்தைக் கொண்டு மறுத்தது.

அந்த விருப்பம் என்ன என்பதையும் நாம் பார்க்க வேண்டும். இயேசுவைத் தமிழர் என்று சொன்ன அந்நூல், அத்துடன் நிற்கவில்லை. அவரை விசுவகருமப் பிராமணர் என்றது. கிறித்தவத்தை இந்து சமயத்தின் ஒரு கிளை என்றது. அவர் இமயத்தில் ஓகம் பயின்று காசுமீரத்தில் மறைந்தார் என்றது. தமிழர் என்னும் சொல் அங்குப் பாராட்டாக வரவில்லை. தூண்டிலில் கோத்த புழுவாக வந்தது. யூதரிடமிருந்து அவர்தம் பிறப்பைப் பறித்து, கிறித்தவரிடமிருந்து அவர்தம் சமயத்தைப் பறித்து, இரண்டையும் வருணப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டுவதற்குத் தமிழன் திறவுகோலாகப் பயன்பட்டான். அதற்காக நாம் மகிழ்வோமாயின் நம்மினும் ஏமாளிகள் இலர்.

உண்மையான பெருமை நமக்கு இல்லாமற் போயிற்றா? யூதர்தம் பழைய திருமறையில், சாலமோன் மன்னனின் கப்பல்கள் கொணர்ந்த பொருள்களுள் மயிலைக் குறிக்கும் ‘துகி’ என்னும் சொல் வருகின்றது. அது நம் ‘தோகை’யே என்பதை அறிஞர் பலர் எடுத்துக்காட்டியுள்ளனர். கால்டுவெல் ஐயரும் தம் ஒப்பிலக்கணத்தில் இதனை விளக்கியுள்ளார். நம் கடற்கரையிலிருந்து புறப்பட்ட ஒரு பறவையின் பெயர், யூதர்தம் திருமறைக்குள் சென்று தங்கிவிட்டது. அது வாணிகத்தின் சான்று; மொழித்தொன்மையின் சான்று. அதனைக் கொண்டு சாலமோனைத் தமிழன் என்று எவனும் கூறான். சான்று எவ்வளவு தொலைவு செல்கின்றதோ அவ்வளவு தொலைவே நடப்பவன் அறிஞன். அதற்கு அப்பாலும் ஓடுகின்றவன், தன் இனத்தாரைப் பிறர் நகைப்புக்கு ஆளாக்குகின்றவன்.

நிறுவியவரின் இனத்தை மாற்றி எழுதுவது ஏதோ விளையாட்டு என்று எண்ணிவிடுதலும் கூடாது. செருமனி நாட்டில் இட்லர் ஆட்சியின்போது, 1939-இல் ஐசனாக்கு நகரில் ஒரு கழகம் நிறுவப்பட்டது. கிறித்தவத் திருச்சபையிலிருந்து யூதத் தாக்கத்தை நீக்குவதே அதன் வெளிப்படையான நோக்கம். வால்ட்டர் கிரண்டுமன் என்னும் இறையியற் பேராசிரியர் அதன் தலைமையில் இருந்தார். இயேசு யூதர் அல்லர் என்று அவர்கள் எழுதினர். பாடல்களினின்றும் மறைநூலினின்றும் யூதச் சொற்களைக் களைந்தனர். கோவிலுக்குள் யூதப் பெயர்கள் அழிக்கப்பட்ட அதே ஆண்டுகளில், கோவிலுக்கு வெளியே அறுபது இலக்கம் யூதர்கள் அழிக்கப்பட்டனர். நிறுவியவரின் குருதியை மாற்றி எழுதிய கை, அவருடைய உறவினரின் குருதியைச் சிந்தவும் துணை நின்றது. ஆகவே, ‘இயேசு யூதர்’ என்னும் உண்மையை மறைப்பார் எவராயினும், அவர் செருமானியர் ஆகட்டும், மராத்தியர் ஆகட்டும், தமிழரே ஆகட்டும், அவர்க்கு நாம் துணை போகலாகாது.

இனத்தைப் பற்றிய செய்தி இது. இனி உருவத்தைப் பற்றிய செய்திக்கு வருவோம்.

நம் ஊர்க் கிறித்தவர் இல்லங்கள் பலவற்றின் சுவரில் தொங்கும் இயேசுவின் படத்தை எல்லாரும் கண்டிருப்போம். பொன்போன்ற கூந்தல், நீலக் கண், பாலில் தோய்ந்த மேனி. இப்படம் எங்கிருந்து வந்தது? நற்செய்தி நூல்கள் நான்கினுள் ஒன்றிலேனும் இயேசுவின் உயரமோ நிறமோ முடியோ கூறப்படவில்லை. அவரைக் காட்டிக் கொடுத்த யூதாசு, இருளில் வந்த காவலர்க்கு, தான் முத்தமிடும் ஆள் எவரோ அவரே இயேசு என்று அடையாளம் சொல்ல வேண்டியிருந்தது என்று அந்நூல்கள் உரைக்கின்றன. கூட்டத்துள் நின்றால் தனியே தெரியாத, அந்நாட்டு உழைப்பாளர் போன்ற எளிய தோற்றத்தவரே அவர் என்பது இதனால் விளங்குகின்றது. பொன்முடியும் நீலக்கண்ணும் உடையவராய்க் கலிலேயத் தச்சர் நடுவே நின்றிருப்பாரேல் அடையாள முத்தம் எதற்கு?

முதல் நூற்றாண்டுக் கிறித்தவர் அவர் உருவத்தை வரைந்து வைக்கவில்லை. பின்னர் உரோம நகரத்து நிலவறைகளில் வரைந்தோர், தாடியில்லாத இளம் ஆயனாக வரைந்தனர். சிரியாவிலுள்ள தூரா யூரோப்போசு என்னும் இடத்தில் கிடைத்த மூன்றாம் நூற்றாண்டு ஓவியத்திலும் அவர்க்குத் தாடி இல்லை. உரோமப் பேரரசு கிறித்தவத்தைத் தழுவிய நான்காம் நூற்றாண்டிற்குப் பின்னரே, நீண்ட முடியும் தாடியுமாய் அரியணையில் வீற்றிருக்கும் தோற்றம் பரவியது. கிரேக்க உரோமத் தலைமைத் தெய்வங்களின் சிலைச் சாயல் அதில் படிந்தது. ஐரோப்பிய ஓவியர் தத்தம் ஊர் மாந்தரைப் பார்த்து வரைந்தனர், அது இயல்பே. பின்னர் வணிகமும் பீரங்கியும் அப்படத்தைக் கப்பலேற்றி உலகெங்கும் கொண்டு சென்றன. 1940-இல் அமெரிக்க நாட்டு வார்னர் சால்மன் வரைந்த இயேசுவின் தலையுருவம் ஒன்று மட்டுமே ஐம்பது கோடிப் படிகளுக்கு மேல் அச்சாகியது என்பர். நம் நாள்காட்டிகளில் உள்ள முகங்களும் இத்தகைய மேலைநாட்டுப் படங்களின் வழிவந்தனவே.

2001-இல் பி.பி.சி. நிறுவனத்தார்க்காக இரிச்சர்டு நீவு என்னும் அறிஞர், யூத நாட்டில் அகழ்ந்தெடுத்த முதல் நூற்றாண்டு மண்டையோடு ஒன்றைக் கொண்டு அக்கால யூத ஆடவன் ஒருவனின் முகத்தை அமைத்துக் காட்டினார். அகன்ற முகம், குட்டையான சுருள்முடி, வெயிலில் காய்ந்த மாநிறத் தோல். அஃது இயேசுவின் முகமன்று. அவர் காலத்தவன் ஒருவனின் முகம். ஆயினும், நம் சுவரில் தொங்கும் படத்தை விட அந்த முகமே அவர்க்கு அண்மையது என்பதில் ஐயமில்லை.

நம் திருவண்ணாமலையில் வாழ்வார்க்கு இவ்விடத்தில் ஒரு பழங்கதை நினைவிற்கு வரும். அடியைத் தேடிப் பன்றியாய் நிலத்தை அகழ்ந்தார் திருமால். முடியைத் தேடி அன்னமாய் வானில் பறந்தார் நான்முகன். இருவரும் காணவில்லை. திருமால் காணவில்லை என்று ஒப்புக்கொண்டார். நான்முகனோ கண்டேன் என்று கூறித் தாழம்பூவைப் பொய்ச்சான்றுக்கு அழைத்து வந்தார். அண்ணுதற்கு அரியதாகலின் அண்ணாமலை என்று பெயர் கூறும் ஊரில் பிறந்த நமக்கு, காணாததைக் கண்டேன் என்பதன் இழிவை எவரும் புதிதாகக் கற்பிக்க வேண்டா. வெண்ணிற இயேசுவை வரைந்து ‘இதுவே அவர் முகம்’ என்பாரும், கருநிறத் தமிழ் இயேசுவை எழுதி ‘இதுவே அவர் பிறப்பு’ என்பாரும் தாழம்பூவைக் கையில் ஏந்தி நிற்பவர்களே.

அப்படியாயின், உருவமே வரையலாகாது என்பதா? அன்று. இசுலாமியர் இறைவனுக்கும் இறைத்தூதர்க்கும் உருவம் வரையாமையைத் தம் நெறியாகக் கொண்டனர். கிறித்தவருள்ளும் எட்டு, ஒன்பதாம் நூற்றாண்டுகளில் உருவம் கூடாது என்பார்க்கும் கூடும் என்பார்க்கும் பெரும்போர் நிகழ்ந்தது. 787-இல் நிக்கேயாவில் கூடிய பேரவை உருவங்களை ஏற்றது. உருவம் வேண்டுவோர் வரைந்து கொள்ளட்டும். வரைபவன் தன் ஊர்ச் சாயலில் வரைவதும் குற்றமன்று. நாகப்பட்டினத்தில் 350-க்கும் மேற்பட்ட புத்தர் செப்புத் திருமேனிகள் கிடைத்துள்ளன. அவற்றை வார்த்த தமிழ்க் கைகள் புத்தர்க்குத் தமிழ்ச் சாயலைத் தந்தன. காந்தாரத்துக் கைகள் அதே புத்தர்க்குக் கிரேக்கச் சாயலைத் தந்தன. நாகப்பட்டினத்தார் எவரும் புத்தர் சோழநாட்டில் பிறந்தார் என்று நூலெழுதவில்லை. சாயல் தருதல் அன்பின் வெளிப்பாடு. பிறப்பை மாற்றுதல் திருட்டு. இவ்விரண்டையும் வேறுபிரித்து அறிதல் வேண்டும்.

இவ்வேறுபாட்டை நன்குணர்ந்தவர் வீரமாமுனிவர். இத்தாலி நாட்டில் 1680-இல் பிறந்து தமிழகம் போந்த அவர், 1726-இல் முடித்த தேம்பாவணிக் காப்பியத்தின் தலைவராகிய யோசேப்பை வளன் என்றார். எபிரேய மொழியில் அப்பெயர்க்குப் பெருகுதல் என்னும் பொருள் உண்மையின், பொருள் கெடாமல் தமிழாக்கினார். இறையருளைப் பொருளாக உடைய யோவானின் பெயரைக் கருணையன் என்றார். யூத நாட்டைப் பாடும்போது நம் மருதத்தின் நீர்வளத்தை அதற்கு ஊட்டினார். விருத்தாசலம் பக்கத்துக் கோனான்குப்பத்தில் மரியன்னைக்குக் கோவில் எடுத்து, பெரியநாயகி என்று பெயரிட்டு, தமிழ்ப்பெண் போலச் சேலையுடுத்திய திருவுருவை நிறுத்தினார். இவற்றுள் எங்கும் வளன் யூதர் அல்லர் என்றோ, மரியன்னை தமிழ்க்குடியிற் பிறந்தார் என்றோ அவர் எழுதவில்லை. வரலாற்றை அதன் இடத்தில் விட்டுவிட்டு, அன்பை மட்டும் தமிழில் உடுத்தினார். இன்றும் கோனான்குப்பத்திற்கும் வேளாங்கண்ணிக்கும் செல்லும் எளிய மக்கள், சேலையுடுத்திய அன்னையிடம் தம் தாயிடம் பேசுவது போலவே பேசுகின்றனர். தாய்க்குக் கிடைத்த தமிழுடை மகனுக்குக் கிடைக்காமற் போனது ஏன் என்பது தமிழ்க் கிறித்தவர் எண்ண வேண்டிய கேள்வி.

ஒருசாரார், நிறத்தில் என்ன இருக்கின்றது, இயேசு எல்லார்க்கும் பொது, படம் எப்படியிருந்தால் என்ன என்பர். கேட்பதற்கு இது பெருந்தன்மையாகத் தோன்றும். எனில், ஒன்று செய்து பார்க்கலாம். எப்படியிருந்தாலும் ஒன்றே என்பாரிடம், மாநிற இயேசுவின் படம் ஒன்றைக் கொடுத்து, வெண்ணிறப் படத்தை எடுத்துவிட்டு இதனை மாட்டுக என்று சொல்லிப் பார்க்க. கை தயங்கினால், நிறம் ஒரு பொருட்டன்று என்று அவர் கூறியது வாயளவே. அவரை அறியாமல் அவர் நெஞ்சில் தூய்மைக்கு வெண்மை என்றும் தீமைக்குக் கருமை என்றும் ஒரு பாடம் எழுதப்பட்டுவிட்டது. புனித மிக்கேலின் காலடியில் கிடக்கும் அலகையைக் கருநிறத்தானாக வரைந்த படங்களைப் பார்த்து வளரும் கருநிறத் தமிழ்க் குழந்தை, தான் எப்பக்கத்துச் சாயலில் இருப்பதாக எண்ணும்? அது வாய்திறந்து கேட்காது. கேட்காமலே ஒரு விடையைத் தனக்குள் வைத்துக் கொள்ளும். அந்த விடைதான் நம்மை அச்சுறுத்துகின்றது.

இக்குறை கிறித்தவர்க்கே உரியது என்று எவரும் எள்ளி நகையாட வேண்டா. கருநிறத்தன் ஆகலின் மாயோன் என்றும், செந்நிறத்தன் ஆகலின் சேயோன் என்றும் தெய்வத்திற்கு நிறத்தாலேயே பெயரிட்டு, கருமையைத் தெய்வ நிறமாகப் போற்றிய மொழி நம் மொழி. இன்று சிவகாசி நாள்காட்டியில் அந்த மாயோன் வெளிர்நீலமாகவும், மற்றத் தெய்வங்கள் சந்தனமும் பாலுமாகவும் ஆனதேன்? மணமகள் தேடும் விளம்பரத்தில் ‘சிவந்த நிறம்’ என்று எல்லாச் சமயத்தாரும் கேட்பதேன்? நோய் ஊர்முழுதும் பரவியது. ஒரு வீட்டை மட்டும் சுட்டுதல் முறையன்று.

2020-இல் அமெரிக்காவில் சார்சு பிளாய்டு என்னும் கருப்பினத்தவர் காவலரால் கொல்லப்பட்டபின், இங்கிலாந்துத் திருச்சபையின் தலைவராக அன்று விளங்கிய காண்டர்பரிப் பேராயர் வெல்பி, இயேசுவை வெள்ளையராகவே காட்டி வந்ததை மறுபடியும் எண்ணிப் பார்க்க வேண்டும் என்று வெளிப்படையாகக் கூறினார். வெள்ளையர் நாட்டுப் பேராயரே அவ்வாறு கூறிய பின்னும், நம் சுவர்ப் படங்களுக்கு நாம் மட்டும் காவல் இருப்பது வெட்கத்திற்குரியது.

கிறித்தவரின் கொள்கைப்படியே நோக்கினாலும் இதற்கு விடை கிடைக்கின்றது. இயேசுவின் உடம்பு வெறுந்தோற்றமே, மெய்யுடம்பன்று என்று கூறிய பிரிவினரைத் தொடக்கக் காலத் திருச்சபை மறுத்து விலக்கியது. அவர் முழு இறைவனும் முழு மாந்தனும் ஆவார் என்று 451-இல் கால்செதோன் பேரவை முடிவு கூறியது. முழு மாந்தன் என்றால், அவனுக்கு ஒரு தாய் உண்டு, ஒரு மொழி உண்டு, ஓர் இனம் உண்டு, தோலுக்கு ஒரு நிறமும் உண்டு. ஆகவே, அவர்க்கு இனமே இல்லை என்பார் கிறித்தவக் கொள்கையையே மறுப்பவராவர். அதே வேளையில், யூதனென்றும் கிரேக்கனென்றும், அடிமையென்றும் உரியவனென்றும் வேற்றுமை பாராட்டலாகாது என்பதே பவுலடிகளார் தம் மடல்களில் வற்புறுத்திய நெறி. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் பொருள் தெளிவாகும்: இயேசுவின் இனம் உண்மை, அந்த உண்மையால் எந்த இனத்திற்கும் உயர்வும் இல்லை, தாழ்வும் இல்லை. அவர் யூதராய்ப் பிறந்ததனால் வெள்ளையனுக்கு முன்வரிசையும் தமிழனுக்குப் பின்வரிசையும் போடப்படவில்லை.

இனி, மிகவும் உறுத்தும் இடத்திற்கு வந்துள்ளோம். இயேசுவைத் தமிழ்மண்ணிற்கு ஏற்றவராக்க முயன்றோர் பலர். அவர்கள் எந்த உடையை அவர்க்குத் தேர்ந்தனர்? 1606-இல் மதுரை வந்த இராபர்ட்டு தெ நோபிலி, தாம் பறங்கியல்லர், உரோம நகரத்து உயர்குடியினர் என்று கூறிக் காவியுடுத்தி, புலால் நீத்து, ‘தத்துவ போதகர்’ ஆனார். அவர் தமிழ் உரைநடைக்குச் செய்த தொண்டு பெரிது. அதனை மறப்பது நன்றியின்மை. ஆயினும், உயர்ந்தோர் எனப்பட்டார்க்கு ஒரு குருவும் தாழ்ந்தோர் எனப்பட்டார்க்கு வேறொரு குருவும் என்னும் பிரிவினை அவ்வழியில் வேரூன்றியது. நம் ஊரோடு தொடர்புடையவர் ஒருவரையும் கூறுவோம். பிரெஞ்சு நாட்டுத் துறவி என்றி லெ சோ 1949-இல் இரமணரைக் காண இங்கு வந்தார். பின்னர் இம்மலையின் குகைகளில் தங்கி நோற்றார். அவரும் மோன்சானன் அடிகளும் குளித்தலைப் பக்கத்துக் காவிரிக்கரையில் 1950-இல் துறவகம் ஒன்றை அமைத்தனர். அவர்தம் தேடலின் உண்மையை நாம் ஐயுறவில்லை. ஆனால், துறவகத்திற்குச் ‘சச்சிதானந்தம்’ என்றும், தமக்கு ‘அபிசிக்தானந்தர்’ என்றும் அவர்கள் பெயரிட்டனர். தமிழ்மண்ணில் கால்வைத்து, தமிழாற்றின் நீரைப் பருகி, பெயரை மட்டும் வடமொழியில் தேடியது ஏன்? இந்நாட்டு முகம் என்றாலே மேல்தட்டின் முகம் என்று அவர்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது, அதனாலேதான். வெள்ளை முகத்தைக் கழற்றி வருண முகத்தை மாட்டினால் கருநிற உழவனுக்கும் தோல் பதனிடுவோனுக்கும் யாது பயன்?

இக்கேள்வியைக் கிறித்தவருள்ளேயே கேட்டோர் உளர். சென்னைக் குருகுலம் இலுத்தரன் இறையியற் கல்லூரியில் பணியாற்றிய அரவிந்து நிருமல், 1980-களில், ஒடுக்கப்பட்டோர் கண்கொண்டு இயேசுவைக் காணும் இறையியலை முன்வைத்தார். மதுரை அரசரடி இறையியற் கல்லூரியில் பணியாற்றிய தியாபிலசு அப்பாவு, சிற்றூர் மக்களின் மெட்டிலும் பேச்சிலும் வழிபாட்டுப் பாடல்களை அமைத்தார். ஓர் உலையில் பொங்கி எல்லாரும் ஒருங்கே உண்ணுதலை வழிபாட்டின் நடுவில் வைத்தார். இயேசுவின் முகத்தைத் தேடி அவர்கள் ஓவியனிடம் செல்லவில்லை. உலையைச் சுற்றி அமர்ந்தாரிடம் சென்றனர்.

நிறுவியவரின் தோல் பற்றிய வினாவிற்கு மெய்யான தேர்வு இவ்விடத்தில்தான் உளது. திருநெல்வேலி மாவட்டத்து வடக்கன்குளத்தில் 1872-இல் எழுப்பப்பட்ட கோவில், இரு சாதியார் இரு கூடங்களில் தனித்தனியே நின்று ஒரே பீடத்தைப் பார்க்கும்படி, கால்சட்டை போல் பிளந்து கட்டப்பட்டது. நடுவில் நின்ற சுவர் 1910-இல்தான் இடிக்கப்பட்டது. திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் இறந்தோரையும் சாதியால் பிரித்த சுவர் நெடுங்காலப் போராட்டத்திற்கு உரிய பொருளாயிற்று. 2016-ஆம் ஆண்டு திசம்பரில் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவையே, திருச்சபைக்குள் தீண்டாமை உளது என்பதை ஒப்புக்கொண்டு கொள்கை அறிக்கை வெளியிட்டது. அந்த ஒப்புதலைப் பாராட்டுகின்றோம். ஒப்புதலோடு நின்றுவிடலாகாது என்றும் கூறுகின்றோம்.

பிறர் குற்றம் கூறும் நாம் நம் முற்றத்தையும் பார்க்க வேண்டும். கார்த்திகை விளக்கீட்டன்று நம் மலைமுடியில் எரியும் சுடருக்கு முகமில்லை, நிறுவியவனில்லை, சாதியில்லை. பல கல் தொலைவில் நிற்போர்க்கும் அது ஒன்றுபோலவே ஒளி தருகின்றது. ஆயினும், இதே திருவண்ணாமலை மாவட்டத்துத் தென்முடியனூரில், ஊர் முத்துமாரியம்மன் கோவிலுக்குள் தாழ்த்தப்பட்ட மக்கள் நுழைவதற்கு 2023-ஆம் ஆண்டு சனவரி 30 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அன்றும் காவலர் துணையோடுதான் நுழைந்தனர். தெய்வம் தமிழ்த் தெய்வம், பெயர் தமிழ்ப்பெயர், வெளியே நின்றோரும் தமிழர், தடுத்தோரும் தமிழர். தெய்வம் நம் இனத்தது என்பதனால் மட்டும் நம் இனத்தார்க்கு அறம் கிடைத்துவிடவில்லை. இதனைக் கண்ட பின்னரும், இயேசு தமிழராய் இருந்திருந்தால் தமிழ்க் கிறித்தவர் தாழ்வு நீங்கிவிடும் என்று நம்புதல் பேதைமை.

ஆகவே, நம் முடிவு இது. சமயம் நிறுவியவரின் இனமும் முகமும் பற்றுக்கு அடிப்படையாகா. அவற்றை மாற்றி எழுதும்போதும், ஒரே நிறத்தில் பூட்டி வைக்கும்போதும் அவை பெருந்தீங்கு செய்யும் கருவியாகின்றன. தொழுகின்றவன் தன் பக்கத்தில் தொழுகின்றவனின் தோலை எவ்வாறு மதிக்கின்றான் என்பதே அவன் நிறுவியவரை எவ்வாறு மதிக்கின்றான் என்பதற்கு அளவுகோல்.

தமிழ்க் கிறித்தவ உடன்பிறந்தார்க்கு நாம் கூறுவன சில. உங்கள் குழந்தைகளுக்கு, இயேசு ஆசியக் கண்டத்து யூதர், வெயிலில் உழைத்த மாநிறத்தவர் என்று உண்மையைச் சொல்லிக் கொடுங்கள். வெண்படத்தைக் கிழிக்க வேண்டா. அதன் பக்கத்தில் நம்மவர் வரைந்த படம் ஒன்றையும் மாட்டுங்கள். ஒன்றும் முடிந்த முடிபன்று என்பதைக் குழந்தை தானே உணரும். அலகைக்குக் கருமை பூசும் வழக்கத்தை ஒழியுங்கள். பிள்ளைகளுக்குப் பெயரிடும்போது வளனையும் கருணையனையும் நினையுங்கள். எங்கேனும் ஒரு சுவர் மீந்திருந்தால் அதனை முதலில் இடியுங்கள்.

தமிழ்ப்பற்று மிக்க தோழர்க்கும் ஒன்று கூறுவோம். கிறித்தவன் தமிழனா என்று கேட்பவன் எவனாயினும், மொழிஞாயிறு தேவநேயப் பாவாணரை அவன் முன் நிறுத்துங்கள். 1902-இல் ஞானமுத்தர்க்கும் பரிபூரணம் அம்மையார்க்கும் கிறித்தவக் குடும்பத்தில் பிறந்த அப்பெருமகனார், 1981-இல் மறையும் வரை தமிழின் வேரைத் தேடுவதிலேயே வாழ்நாளைச் செலவிட்டார். உலகத் தமிழாராய்ச்சி மன்றம் 1964-இல் தோன்றவும், 1966-இல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாடு கூடவும் ஓடியாடி உழைத்த தனிநாயகம் அடிகளார் கத்தோலிக்கக் குரு. இவ்விருவரும் தமிழராவதற்கு இயேசு தமிழராக இருக்க வேண்டிய தேவை நேரவில்லை. இயேசு யூதராகவே இருந்தார். இவர்கள் தமிழராகவே இருந்தனர். இரண்டிற்கும் இடையில் ஒரு முரணும் எழவில்லை.

எனவே, இயேசு தமிழர் என்று எவரேனும் நூல்கொண்டு வந்து நீட்டினால், இன்சொல்லாலே மறுத்துத் திருப்பிக் கொடுப்போம். இயேசு வெள்ளையர், நீ அயலான் என்று எவரேனும் உரத்துக் கூறினால், வன்மையாகவே மறுப்போம். தமிழன் என்பதற்குத் தமிழே சான்று. வேறு சான்று கேட்கும் உரிமை எவர்க்கும் இல்லை. அந்தச் சான்றை உடைய ஒருவனைச் சமயத்தின் பெயரால் தள்ளி வைப்பதற்கும், சாதியின் பெயரால் சுவரெழுப்பி நிறுத்துவதற்கும் இம்மண்ணில் இனி இடமில்லை என்று செய்கையால் காட்டுவோம்!